ஓட்டமும் நிறுத்தமும்



மோட்டார் வண்டி ஒன்றைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அத்தகைய வண்டி ஒன்று எங்கேனும் உருவாகிறது என்று கேள்விப்பட்டால், காண வருவோர் கேட்கும் முதற் கேள்வி, "என்ஜின் எத்தனை குதிரைத்திறன்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. "எப்படி நிற்கும்?" என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் வண்டியைக் கட்டுகிறவன் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இந்த மூன்றாவது கேள்வியே ஆகும். இன்றைய பேச்சில் அந்த விடையை நாம் சேர்ந்து தேடுவோம்.

பிரேக் என்பதைத் தமிழில் தடை என்று கூறலாம். எனினும், பட்டறையில் வேலை செய்வோர் முதல் பள்ளிச் சிறுவர் வரை அனைவரும் அறிந்த சொல் பிரேக் என்பதே. ஆகவே நானும் அச்சொல்லையே ஆள்வேன்.

கையாற் கார் கட்டும் வழக்கம் உலகிற் பல இடங்களில் உண்டு. இங்கிலாந்தில் 1957-ஆம் ஆண்டில் காலின் சாப்மன் என்பவர் லோட்டஸ் செவன் என்னும் சிறு காரை வெளியிட்டார். முழுதும் கட்டிய காருக்கு அந்நாட்டில் அப்போது கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிற் பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. எனவே பலர் பெட்டிகளிற் பாகங்களை வாங்கிச் சென்று, தம் வீட்டுக் கொட்டகையிலேயே காரைப் பூட்டி முடித்தனர். நம் தமிழகத்திலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். விலை உயர்ந்த அயல்நாட்டுக் காருக்குக் காத்திராமல், நம் நாட்டிற் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே பந்தயக் கார் செய்யலாம் என்று காட்டியவர் அவர். 1995-ஆம் ஆண்டில் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று இக்கலை பெரும்பாலும் பொறியியற் கல்லூரி மாணவரிடம் வளர்கிறது. 2007-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பாஹா என்னும் போட்டி நடந்து வருகிறது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியை மாணவர் தாமே வரைந்து, தாமே கட்டிக் கொண்டுவர வேண்டும். ஃபார்முலா பாரத் என்பது பந்தயக் கார் வகைக்குரிய மற்றொரு மாணவர் போட்டி. அது செட்டிப்பாளையத்துப் பாதையில் நடந்துள்ளது. எங்கள் வத்திராயிருப்புப் பக்கத்து மாணவர்க்கும் இவை தொலைவான செய்திகள் அல்ல. சாலை பிரியும் கிருஷ்ணன்கோவிலிலேயே 1984-ஆம் ஆண்டு முதல் பொறியியற் கல்லூரி இருக்கிறது. ஆகவே, மேற்கு மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய கொட்டகை ஒன்றில் நீங்கள் நால்வர் சேர்ந்து வண்டி கட்டுவதாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு வகை வண்டி சாலைக்கு வருமுன் அதன் மாதிரியை அரசு ஏற்ற சோதனை நிலையம் ஆராய்ந்து சான்று அளிக்க வேண்டும். புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய நிலையங்களுள் ஒன்று. சான்றும் பதிவும் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுதல் குற்றமாகும். எனவே நீங்கள் கட்டும் வண்டி, உரிமையாளர் இசைவு தந்த மூடிய திடலிலும் போட்டிக் களத்திலும் மட்டுமே ஓடலாம். ஆயினும், திடலில் ஓடும் வண்டி என்பதற்காகப் பிரேக்கிற் குறை வைத்தல் ஆகாது. ஓட்டுகிறவன் உங்கள் தோழன் அன்றோ?

பிரேக்கின் வேலை எத்துணைப் பெரிது என்பதை முதலிற் கணக்கிட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டியின் எடை, ஓட்டுபவரையும் சேர்த்து, 600 கிலோ என்க. அது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்போது அதன் இயக்க ஆற்றல் 67,500 ஜூல். இந்த ஆற்றல் அழியாது. வெப்பமாக மாறினால்தான் வண்டி நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 16 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் அது. நல்ல உலர்ந்த சாலையில் வண்டியை இரண்டே விநாடியில் நிறுத்த இயலும். 67,500 ஜூலை ஏறக்குறைய இரண்டு விநாடியில் வெளியேற்றுவது என்றால், சராசரியாக 35 கிலோவாட் திறன் வேண்டும். குதிரைத்திறனிற் கூறினால் 47. மாருதி 800-இன் பழைய என்ஜின் தந்தது ஏறக்குறைய 37 குதிரைத்திறன் மட்டுமே. உங்கள் வண்டியில் உள்ள மிக வலிய பொறி என்ஜின் அன்று, பிரேக்கே என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மற்றொன்றையும் கவனியுங்கள். 54 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்க 14 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால், தூரம் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. 108 கிலோமீட்டர் வேகத்தில் 57 மீட்டர் வேண்டும். இடையூறு கண்ணிற் பட்டுக் கால் பெடலை அடைவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி கழிந்துவிடும். அதற்குள் வண்டி முதல் வேகத்தில் 15 மீட்டரும் இரண்டாம் வேகத்தில் 30 மீட்டரும் கடந்துவிடும். இதனைப் பிரேக் குறைக்க முடியாது. ஓட்டுகிறவனின் விழிப்பு ஒன்றே குறைக்கும்.

இனி, காலின் சிறிய விசை எவ்வாறு சக்கரத்தைப் பிடிக்கும் பெரிய விசை ஆகிறது என்று பார்ப்போம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்திற்கும் குறையாமற் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவர் 1662-இல் மறைந்தார். அவரது விதி மோட்டார் வண்டியிற் புகுவதற்கு இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. நான்கு சக்கரங்களிலும் திரவப் பிரேக் கொண்டு விற்பனைக்கு வந்த முதற் கார், 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான டியூசன்பர்க் ஆகும்.

உங்கள் வண்டியில் இவ்விதி வேலை செய்யும் முறை இது. பெடல் ஒரு நெம்புகோல். மிதிக்கும் இடம் அச்சாணியிலிருந்து 25 சென்டிமீட்டரிலும், உந்து தண்டு 5 சென்டிமீட்டரிலும் இருந்தால், காலின் விசை ஐந்து மடங்காகும். 30 கிலோ விசையில் மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 150 கிலோ விசை விழும். அந்தப் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆகவே பிரேக் ஆயிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 48 கிலோ. இந்த அழுத்தம் குழாய் வழியே சென்று, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பற்றியிருக்கும் காலிப்பரை அடைகிறது. காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்க; அதன் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர். அப்போது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் விசை 860 கிலோவைத் தாண்டும். பேடின் உராய்வு எண் 0.35 எனக் கொண்டால், இருபுறமும் சேர்த்து டிஸ்க்கைப் பிடிக்கும் விசை 600 கிலோ. பேட் பற்றும் இடம் சக்கர மையத்திலிருந்து 9 சென்டிமீட்டரில் உள்ளது; டயர் சாலையைத் தொடும் இடமோ 27 சென்டிமீட்டரில் உள்ளது. எனவே சாலையிற் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சக்கரத்திற்கு 200 கிலோ. இரு முன்சக்கரங்களுக்கும் 400 கிலோ.

இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கணக்கின்றிப் பொருத்தினால் நேரும் இடர் எது என்பதை ஒரு மிதிவண்டி எனக்குக் கற்றுத் தந்தது. சிறுவனாக இருந்தபோது, பிளவக்கல் அணைக்குச் சென்று திரும்பும் இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தேன். பின்சக்கரம் மேலே எழும்ப, கைப்பிடிக்கு மேலாகப் பறந்து மண்ணில் விழுந்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது என்பது அன்று என் முழங்காலில் எழுதப்பட்ட பாடம்.

காரிலும் இதுவே நிகழ்கிறது. நின்றிருக்கும்போது முன்னும் பின்னும் 300 கிலோவாகப் பகிர்ந்திருக்கும் எடை, கடுமையாகப் பிரேக் பிடித்ததும் மாறுகிறது. வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் தூரமும் இருந்தால், உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 108 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்குச் சாய்கிறது. அப்போது முன்சக்கரங்கள் 408 கிலோவையும் பின்சக்கரங்கள் 192 கிலோவையும் தாங்குகின்றன. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எண் 0.8 என்றால், முன்பக்கம் 326 கிலோ வரையிலும், பின்பக்கம் 154 கிலோ வரையிலும்தான் சாலை தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பிடித்தால் சக்கரம் உருள்வதை விட்டு வழுக்கும். ஆகவே நிறுத்தும் வேலையில் மூன்றில் இரு பங்கு முன்சக்கரங்களுடையது; ஒரு பங்கே பின்சக்கரங்களுடையது.

பலர் இதனை அறியாமல், கைக்குக் கிடைத்த ஒரே அளவுக் காலிப்பர்களை நான்கு சக்கரங்களுக்கும் பூட்டிவிடுவர். பார்வைக்கு அது வலிமையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் எடை குறைந்த பின்சக்கரங்கள் முதலில் சுழற்சி நின்று வழுக்கத் தொடங்கும். வழுக்கும் சக்கரத்திற்கு முன்பக்கம், பக்கவாட்டு என்னும் வேறுபாடு இல்லை. எந்தத் திசையிலும் அது நழுவும். உடனே வண்டியின் வால் வீசி, முழு வண்டியும் பம்பரம்போற் சுழலும். முன்சக்கரங்கள் முதலில் நின்றாலோ, ஸ்டியரிங் சற்று நேரம் கேளாது. எனினும் வண்டி நேராகச் செல்லும். இரண்டும் தீமையே, ஆயினும் இரண்டாவது சிறிய தீமை. எனவே முன்சக்கரங்கள் ஒரு நூலிழை முந்தி நிற்குமாறு அளவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழையில் நனைந்த சாலையில் எடை முன்னே சாய்வதும் குறையும். அப்போதும் இந்த ஏற்பாடு தீங்கு செய்யாது.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம்.

முதல் விதி: சிலிண்டர், காலிப்பர், பேட் ஆகியவற்றை நாமே செய்ய முற்படுதல் கூடாது. வண்டியின் சட்டத்தை நாம் பற்றவைக்கலாம். இருக்கையை நாம் தைக்கலாம். ஆனால் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள் தொழிற்சாலையில் அளந்து சோதிக்கப்பட்டவையாகவே இருத்தல் வேண்டும். இத்தொழில் தமிழகத்தில் நன்கு வேரூன்றிய ஒன்று. சென்னைப் பாடியில் 1962-ஆம் ஆண்டில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது முதல், பிரேக் பாகங்களுக்கு நாம் அயல்நாட்டை எதிர்நோக்கும் நிலை மாறத் தொடங்கியது. சிறு கார்களின் பாகங்கள் எளிதிற் கிடைக்கும். பழைய காலிப்பரை வாங்க நேர்ந்தால், உள்ளே உள்ள ரப்பர் வளையங்களையேனும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

இரண்டாம் விதி: பாதை ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்திற்கும் ஒரே குழாய் வழி ஆயில் சென்றால், எங்கோ ஒரு மூட்டுக் கசிந்தாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுப் போகும். ஆகவே இரண்டு அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டி, ஓர் அறையிலிருந்து முன்சக்கரங்களுக்கும் மற்றோர் அறையிலிருந்து பின்சக்கரங்களுக்கும் தனித்தனியே குழாய் செலுத்த வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். மாணவர் போட்டிகளில் இது கட்டாய விதி.

மூன்றாவது, பெடலும் அதன் தாங்கியும். அவசர வேளையில் அச்சங்கொண்ட கால் 30 கிலோ விசையோடு நிற்பதில்லை. 100 கிலோவையும் மிஞ்சும். பெடல் வளைந்தாலோ, தாங்கி பற்றவைத்த இடத்திற் பிளந்தாலோ, மேற்கூறிய கணக்கெல்லாம் வீணே. பெடலை அதன் முழு எல்லைக்கு மிதித்தாலும் எதிலும் இடிக்காமல் இருக்க வேண்டும். உந்து தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். இதன் காரணம் அறியத்தக்கது. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்கி, ஆயில் தொட்டிக்குச் செல்லும் சிறு துளையைத் திறக்கிறது. சூட்டால் விரிந்த ஆயில் அதன் வழியே திரும்பும். தண்டு சற்றே நீண்டு எப்போதும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்தால், துளை அடைபடும். விரியும் ஆயில் பேடை அழுத்தும். அதனால் மேலும் சூடேறும். இறுதியில் யாரும் மிதிக்காமலேயே சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, குழாய்கள். சட்டத்தை ஒட்டிச் செல்லும் இடமெல்லாம் பிரேக்குக்கென்றே செய்த எஃகுக் குழாயும், சக்கரம் அசையும் இடத்தில் மட்டும் வளையக்கூடிய ஹோஸும் பயன்படுத்த வேண்டும். குழாயை அடிக்கொரு பிடிப்பான் இட்டுச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். தளர்ந்த குழாய் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் முறியும். புகைக் குழாயின் அருகே செல்லலாகாது. ஹோஸைப் பூட்டியபின், ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, சக்கரத்தை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். ஹோஸ் இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது. டிஸ்க் கோணலின்றிச் சுழல்கிறதா என்பதையும் அளவுக் கருவி கொண்டு பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், உண்மையில் அது எண்ணெய் அன்று, கிளைக்கால் வகைத் திரவம். அதற்குப் பதிலாக என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பிரேக் ஆயிலுக்கு மற்றொரு குணம் உண்டு: காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 4 வகையில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவி உண்டாகும். திரவம் அழுத்தத்திற் சுருங்காது; ஆவியோ சுருங்கும். கால் முழுதும் உள்ளே போகும், சக்கரமோ நில்லாது. ஆகவே திறந்து வைத்த பழைய புட்டியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். 600 கிலோ வண்டியாயினும், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையும் பிரேக் மீது சுமத்தாமல், தாழ்ந்த கியரில் என்ஜினையே தடையாகக் கொண்டு ஓட்டுநர்கள் இறங்குவதன் காரணம் இதுவே.

ஆவி செய்யும் அதே கேட்டைக் காற்றும் செய்யும். எனவே குழாய்களிற் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நம் மெக்கானிக்குகள் இதனை 'ஏர் எடுப்பது' என்பர். காலிப்பரின் உச்சியில் சிறு திருகு ஒன்று உண்டு. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றொருவர் அத்திருகைத் தளர்த்தி, குமிழிகளோடு ஆயிலை வெளிவிட்டு, திருகை மூடியபின் பெடலை விடவேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ள சக்கரத்தில் முடிப்பது பொது வழக்கம். இடையில் தொட்டி வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். தொடக்கத்திலிருந்து செய்ய நேரும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரி நாட்களில் நானும் மூன்று தோழரும் சேர்ந்து சிறு வண்டி ஒன்று கட்டினோம். ஏர் எடுக்கும் வேலையை இரண்டு முறை செய்தும் பெடல் பஞ்சுபோல் இருந்தது. ஆனால் தொடர்ந்து மூன்று முறை மிதித்தால் இறுகியது. "மூன்று முறை மிதித்தால் போதுமே!" என்று ஒருவன் கூறினான், மற்றவர் தலையசைத்தோம். மறுநாள் விடுமுறை, வண்டியை உருட்டிப் பார்க்கும் ஆவல் எங்களை விடவில்லை. என்ஜினை இயக்காமலே, கண்மாய்க்கு இறங்கும் வண்டித்தடத்தில் தள்ளிவிட்டோம். ஓட்டியவன் முதல் முறை மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது. இரண்டாம் முறை மிதிக்கும் பொழுதை அந்த இறக்கம் அவனுக்குத் தரவில்லை. வண்டி கண்மாய்க் கரையில் மோதி நின்றது. அவன் மணிக்கட்டு முறிந்தது. அன்று தண்ணீர் வற்றிய காலம்; கரை மண்ணும் மென்மையானது. அதனால் அவன் பிழைத்தான்.

பின்னர் ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. இடக் காலிப்பரை வலப்பக்கமும், வலக் காலிப்பரை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டியிருந்தோம். பூட்டுவதில் இடர் ஒன்றும் இல்லை, அச்சாகப் பொருந்தின. ஆனால் உச்சியில் இருக்க வேண்டிய திருகு அடியில் இருந்தது. காற்று மேலே நிற்க, நாங்கள் கீழிருந்து ஆயிலை எடுத்துக்கொண்டிருந்தோம். எத்தனை முறை செய்திருந்தாலும் அக்காற்று வந்திராது. தவறு காலிப்பரில் நேர்ந்தது. ஆனால் பெருந்தவறு, "மூன்று முறை மிதித்தால் போதும்" என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டதில் நேர்ந்தது. பெடல் எங்களுக்கு உண்மையைக் கூறியது, நாங்கள்தான் கேட்கவில்லை.

ஆறாவதாக, கைப்பிரேக். வண்டியை நிறுத்தி வைக்கவும், கால் பிரேக் கைவிட்ட வேளையில் உதவவும் அது வேண்டும். நம் நாட்டு 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் காருக்குக் கால் பிரேக்கோடு வேறாக நிறுத்துப் பிரேக்கும் வேண்டும் என்கின்றன. அது ஆயிலை நம்பாமல், கம்பியால் நேரே பின்சக்கரங்களைப் பிடிப்பதாக இருத்தல் நலம். எங்கள் வண்டியில் அது இருந்திருந்தால், அன்று ஒரு மணிக்கட்டு காக்கப்பட்டிருக்கும்.

எல்லாம் பொருத்திய பின்னர் வருவது சோதனை. வண்டியை நிறுத்தி வைத்தபடியே பெடலை வலுவாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அது மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. மற்றொருவர் விளக்கோடு ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். முதல் மிதியிலேயே பெடல் இறுகாவிட்டால் அன்று வண்டி நகரக் கூடாது. பிறகு சமமான திடலில், நடை வேகத்தில் ஒரு முறை, பின்னர் 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்னர் 40. ஒவ்வொரு முறையும் வண்டி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்து பழகும் வரை முழு வலிமை வாராது; ஆகவே மிதமாகப் பலமுறை பிடித்துப் பழக்க வேண்டும்.

மாணவர் போட்டிகளில் ஒரு சோதனை உண்டு. வண்டியை வேகமாக ஓட்டி வந்து பிரேக் பிடிக்கும்போது நான்கு சக்கரங்களும் சுழற்சி நின்று இழுபட வேண்டும். தரையில் விழும் கருங்கோடுகளை நடுவர் பார்ப்பர். சற்று முன்பு, சக்கரம் வழுக்குவது தீமை என்றேன். இங்கே வழுக்க வேண்டும் என்கிறார்களே என்று நீங்கள் ஐயுறலாம். ஓட்டும்போது அவ்வாறு பிடிக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. எந்தச் சக்கரத்திலும் சாலை தாங்கும் அளவுக்குக் குறையாத பிடிப்பு இருக்கிறது என்பதற்கு அது சான்று. முன்சக்கரங்கள் நின்றபின் காலின் விசையைச் சிறிது கூட்டியதும் பின்சக்கரங்களும் நின்றால், உங்கள் கணக்குச் சரி. ஒரு சக்கரம் மட்டும் உருண்டுகொண்டே இருந்தால், எங்கோ காற்று, எங்கோ கசிவு, எங்கோ எண்ணெய் படிந்த பேட். இச்சோதனையில் தேறாத வண்டிக்கு, அதன் என்ஜின் எவ்வளவு சிறந்ததாயினும், ஓட்டப் போட்டியில் இடமில்லை. இந்த விதியை வகுத்தவர்கள் இளைஞரின் ஊக்கத்தை நன்கறிந்தவர்கள். வேகத்தை விரும்புகிறவன் வேகத்தைத் தானே தேடிக்கொள்வான். நிறுத்தத்தை விதி கொண்டுதான் தேட வைக்க வேண்டும்.

நண்பர்களே! வண்டியின் பிற பாகங்களிற் பலவற்றில் குறை நேர்ந்தால் வண்டி ஓடாது; நாம் இறங்கித் திருத்திக்கொள்வோம். பிரேக்கிற் குறை நேர்ந்தால் வண்டி ஓடும். அக்குறை வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில் வெளிப்படும். ஆதலால் அதனை நம்பிக்கைக்கு விட்டுவிடாமல், கணக்கிட்டு, பொருத்தி, சோதித்து அறிய வேண்டும். உங்கள் கொட்டகையில் என்ஜினை முதன்முதல் முழங்கச் செய்யும் நாள் இனிய நாளே. ஆனால் அந்த நாளுக்கு முன்னதாகவே, வண்டியைக் கையால் தள்ளி, காலால் ஒரே முறை மிதித்து, அது அசையாமல் நிற்பதைக் கண்டிருக்க வேண்டும். அதைக் கண்ட பின்னரே உங்கள் தோழனை இருக்கையில் அமரச் சொல்லுங்கள்.